முதுகை மட்டும் வரைந்தவர்

என் எழுத்து கோணல். நாலாம் வகுப்போடு வெட்டுக்கத்தி பிடித்த கை இது. பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பிஜித் தீவின் நாடி ஊரில், பள்ளிக்கூடம் நடத்தும் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மாதத்தாளில் இருபது வருடத்துக்கு மேல் படக்கதை வரைந்தவர் பள்ளிக்கூட வாத்தியார். சனிக்கிழமைகளில் வகுப்பறையில் அந்தத் தாளை அச்சடிக்கும் மெஷினின் கைப்பிடியைச் சுற்றுவது என் வேலை. மெழுகுத்தாளில் ஆணி போன்ற எழுதுகோலால் கீறித்தான் படம் போட வேண்டும். கண், மூக்கு என்று நெருக்கமாகக் கீறினால் தாள் கிழிந்துவிடும். அதனால் அவர் ஆட்களை முதுகுப்பக்கமாகவே வரைந்தார். நாலு கட்டம், கடைசிக் கட்டத்தில் பேச்சே இருக்காது. ஒரு தோளின் சரிவை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் பார்த்துச் சிரிப்பார்கள்.

எங்கள் கரும்பு வெட்டு கேங்குக்கு அப்போது தலைவராக ஒரு சர்தார் இருந்தார். யார் வயலை எப்போது வெட்டுவது என்று அவர்தான் சொல்வார். முதலில் அவர் மச்சான் வயல், பிறகு சம்பந்தி வயல். நான் வாய் திறந்து கேட்கமாட்டேன் என்று தெரிந்து, வருடாவருடம் என் வயலைக் கடைசியில் போட்டார். ஒரு வருடம் மழை முந்திக்கொண்டது. ஆலைக்குக் கரும்பு போகும் டிரக் தண்டவாளம் சேற்றில் இறங்கி, என் கரும்பு முழுதும் வெட்டாமல் நின்றுபோனது. கேங் முழுக்கக் கேட்கும்படி சர்தார் சொன்னார்:

“வாயில்லாத பயலுக்குக் கரும்பு எதுக்குடா? மாட்ட அவுத்து வுடு, அதுவாவது திங்கட்டும்.”

நான் கத்தியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை வாத்தியாரிடம் மட்டும் சொன்னேன். அவர் எழுந்து வகுப்பறைக் கதவைச் சாத்தினார்.

“அந்த ஆளு எப்படி நடப்பாரு? நடந்து காட்டு.”

“எனக்கு வெக்கமா இருக்கு வாத்தியாரே.”

“கரும்பு போனது போதாதா? நட.”

நடந்தேன். குடையைப் பின்னால் வால்போலப் பிடித்து, வலது காலை வெளியே உதைத்து, பத்தடிக்கு ஒருமுறை நின்று கால்சட்டையை இழுத்துவிட்டு நடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் செய்ததில்லை.

அந்த மாதத் தாளில் முதல் மூன்று கட்டத்திலும் அந்த முதுகு சொந்தக்காரர் வயல்களுக்குப் போனது. நாலாவதில் மழை, குடைக்குள் அதே முதுகு, எதிரே வெட்டாமல் பூத்து நிற்கும் என் கரும்பு. நாடி மார்க்கெட் முழுக்கச் சிரித்தது. அடுத்த சர்தாரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் அந்தச் சர்தார் எழுந்து முன்னால் நடந்தார். பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு அடங்கவே இல்லை. ஜெயித்தது வேறொருவர். அவர் வெட்டு முறைக்குச் சீட்டுக் குலுக்கினார். என் வயல் மூன்றாவதாக வந்தது.

பழைய சர்தார் அது அடுத்த தீவில், லம்பாசாவில், யாரோ ஒருவனைப் பற்றிய படம் என்று இன்றுவரை சொல்லித் திரிகிறார். சங்கத்துச் சம்பளத்தில் இருந்த வாத்தியார் வாய் திறக்கவில்லை. இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது, வரைவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம். மாலை போடப்போவது, சங்கத்துப் பெரியவர் என்ற முறையில், அந்தப் பழைய சர்தார்.

போடட்டும். கூட்டத்துக்கு முன்பே அந்தப் படம் வந்த தாளையும் நான் எழுதிய இதையும் வாசல் சுவரில் ஒட்டிவிடுவேன். எல்லாரும் பார்த்துவிட்டு உள்ளே போய் உட்காரட்டும். அதன்பிறகு மாலையோடு அவர் மேடை வரைக்கும் நடக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, 12 ஆகஸ்ட் 1955.