குடம் குடமாகத் தாகம்

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான மறு வருஷம், என் வீட்டுக்காரருக்கு ஒரு தாகம் பிடித்தது. திருவண்ணாமலையில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். நான் பிடித்துவைத்த குடத்தை அவர் ஒருவரே காலி செய்வார். குடித்த வேகத்தில் கழிவறைக்கு ஓடுவார்.

"சக்கரைதான் இது" என்றார் மாமியார். கழிவறைப் பக்கம் எறும்பு வருகிறதா என்று காலையும் மாலையும் போய்ப் பார்த்தார். வரவில்லை. லேபிலும் சர்க்கரை இல்லை என்றார்கள். எறும்பு சொன்னதையே லேபும் சொன்னதால் மாமியாருக்கு லேப் மேல் மரியாதை வந்தது.

வேலூரில் ஒரு பெண் டாக்டர் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் தரக்கூடாது என்றார். எடை பார்த்தார்கள், சிறுநீரை அளந்தார்கள். குடிக்காவிட்டாலும் அது நிற்கவில்லை. மதியம் அவர் ஜன்னலோரப் பூச்சாடியில் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் சாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு ஒரு மருந்து கொடுத்ததும் சிறுநீர் குறைந்தது.

"கிட்னி கெட்டுப் போச்சுங்களா?" என்று மாமியார் கேட்டார்.

"கிட்னி நல்லா இருக்கும்மா. மூளையிலேர்ந்து ஒரு ஹார்மோன் வந்து, தண்ணிய வெளிய விடாத, ரத்தத்துக்கே திருப்பி அனுப்புனு அதுக்குச் சொல்லணும். இவருக்கு அந்த ஹார்மோன் கம்மி. மருந்து அதைச் சொன்னதும் கிட்னி கேட்டுக்கிச்சு."

"சொன்னா கேக்குதா? அப்ப என் புள்ளைய விட அது தேவல" என்றார் மாமியார்.

மூளை ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. மூக்கில் விடும் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். குளிரில் வைக்கவேண்டும்; எங்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை. தெருமுனைக் கூல்டிரிங்ஸ் கடைக்காரர் கலர் பாட்டில்களுக்கு நடுவே இடம் கொடுத்தார். காலையில் கடை திறந்ததும் இவர் போய், அங்கேயே மூக்கில் விட்டுக்கொண்டு வருவார்.

எதிர்வீட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரர் காலங்காத்தால மூக்குல என்னமோ ஏத்திக்கிறார்மா, பாத்துக்கோ" என்றார்.

"ஏத்துனாதான்க்கா தண்ணி எறங்காம இருக்கும்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளக்கிச் சொன்னேன்.

சில வாரங்கள் கழித்துச் சென்னைக்குப் பஸ்ஸில் போனோம். முன்பெல்லாம் செஞ்சி வருவதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் கெஞ்சுவார். இந்த முறை செஞ்சி தாண்டியது தெரியாமல் தூங்கினார். திண்டிவனத்தில் எனக்குத்தான் இறங்கவேண்டியிருந்தது. எழுப்பினேன்.

"நீ நிதானமா போயிட்டு வா. வண்டிய நான் நிறுத்தி வைக்கிறேன்" என்றார், அந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்போல.