அத்தை சொன்ன பொய்

பொய் சொல்வதில் எங்கள் அத்தைக்கு ஈடு கிடையாது. அப்பாவின் அக்கா அவள். பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதிலேயே பெரிய பொய்யின் புண்ணியத்தில்தான் நான் இன்று நாலு எழுத்து எழுதுகிறேன்.

அம்மா இறந்த பிறகு அப்பா எங்களை மெர்கோங்கில் ஓர் ஊதுபத்திக் கம்பெனியில் விட்டுவிட்டு, ஜொகூருக்கு லாரி ஓட்டப் போய்விட்டார். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. கீழே வேலை, மாடியில் படுக்கை, வாசலில் முதலாளி பூட்டிவைத்த இரும்புக் கம்பிக் கதவு. விடிந்ததிலிருந்து குச்சியில் மாவு உருட்டுவோம். உள்ளங்கை வெடித்து, சோறு பிசைந்தால் எரியும். வீட்டுக்குப் போகணும் என்று வாயைத் திறந்தால் கன்னத்தில் அறைதான். அத்தை இரண்டு தடவை வந்து கேட்டாள். "அப்பன் விட்டுட்டுப் போன பிள்ளைங்க. அப்பனே வரட்டும், அனுப்புறேன்" என்று முதலாளி விரட்டிவிட்டார்.

ஆனால் மனிதர் மகா பக்திமான். கோயில்களுக்குப் போகும் ஊதுபத்தியாயிற்றே, தீட்டுள்ள பெண்கள் படி ஏறக்கூடாது, மீன் குழம்பு உள்ளே வரக்கூடாது. பிள்ளைகளை அடைத்துவைப்பது தப்பென்று மட்டும் எந்தச் சாமியும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

அடுத்த முறை வந்தபோது அத்தை கம்பிக்கு வெளியே நின்று அக்காவிடம் ஏதோ குசுகுசுத்தாள். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"ஐயையோ முதலாளி! பெரியவ வயசுக்கு வந்துட்டா! சாமிக்குப் போற சாமான்ல எல்லாம் கைய வச்சிக்கிட்டு நிக்கிறாளே!"

முதலாளி சாவியைத் தேடி ஓடிய ஓட்டம் இருக்கிறதே! "கூட்டிட்டுப் போ லா! மொதல்ல கூட்டிட்டுப் போ!"

"சின்னவளும் வரணும் முதலாளி. ஒதுக்கி உக்கார வைக்கிற பொண்ணுக்குத் துணையா தோழிப் பொண்ணு வேணும்ல? எங்க வழக்கம்."

"சடங்கு முடிஞ்சதும் ரெண்டு பேரையும் கொண்டாந்து விட்டுடணும்."

"கண்டிப்பா முதலாளி" என்றாள் அத்தை, கற்பூரம் அடிக்காத குறையாக.

"அக்காவுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே" என்று நான் ஆரம்பித்தேன். அக்கா கிள்ளிய கிள்ளில் பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே போனேன்.

தோட்டத்தில் சடங்கும் இல்லை, புட்டும் இல்லை, பட்டுப் பாவாடையும் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் போக ஒரு வெள்ளைச் சட்டையும் நீலப் பினஃபோரும் மட்டும் வந்தன. ஏமாந்துபோன ஆத்திரத்தில் அன்று நான் சாப்பிடவில்லை. சில நாள் கழித்து முதலாளியின் வேன் எங்களைத் தேடி வந்தது. அத்தை பால் வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பேசினாள். வேன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அதுவரை நாங்கள் இருவருமே பள்ளிக்குப் போனதில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அக்காவுக்கு ஆரம்பப்பள்ளி வயது தாண்டிவிட்டது, முடியாது என்றார்கள். தலைமையாசிரியர் அறையில் அத்தை கெஞ்சி அழுதாள். அழும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. வீட்டிலேயே இருக்கப்போகிறாள், கொடுத்துவைத்தவள் என்று அக்காமேல் எனக்கு ஒரே பொறாமை.

சாயங்காலமானால் அக்கா முகம் கழுவி, தலை வாரி, என் முன்னால் சம்மணம் போட்டு உட்காருவாள். "டீச்சர், இன்னிக்கு என்ன பாடம்?" நான் அகப்பையை வாத்தியாரின் ரோத்தான் பிரம்பு மாதிரி பிடித்துக்கொண்டு, பள்ளியில் நடந்ததை அப்படியே நடத்துவேன். தப்பாகப் படித்தால் கையில் ஓர் அடி. அவள் சிரித்துக்கொண்டே அடுத்த கையையும் நீட்டுவாள். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் இப்படி விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இப்படி ஓர் அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் எனக்கு அலுத்துவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டு, "போதும்க்கா, வேற விளையாட்டு விளையாடலாம்" என்றேன்.

அக்கா அதை மறுபடி திறந்து என் மடியில் வைத்தாள்.

"இன்னும் ஒரு பக்கம் மட்டும், டீச்சர்."