சிஞ்ஞோராவின் ஃபிர் மரம் ஏன் பூக்கவில்லை

நான் வேலை செய்யும் வீடு இத்தாலியில், ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரை ஊரில், மீன் சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டி மேட்டில் ஏறினால் வரும். நாங்கள் குடியிருக்கும் அல்பெர்கேரியாவில் இருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். பன்னிரண்டு வருடமாகப் போய் வருகிறேன். பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிப்பித்து ஓய்வு பெற்ற வீட்டுக்கார அம்மா, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுபவர், இப்போது அங்கே தனியாக இருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் வடக்கே தூரினோ நகரில். சிஞ்ஞோராவும் நானும் கதைப்பது இத்தாலியனில்தான். எழுதும்போது எங்கள் ஊர்ப் பேச்சுத் தமிழாக வந்துவிடுகிறது.

வீட்டின் பின்பக்கம் ஒரு ஃபிர் மரம் நிற்கிறது. நாங்கள் நத்தார் மரம், கிறிஸ்மஸ் மரம் என்று சொல்வது. மகள் பள்ளிக்கூடம் தொடங்கிய வருடம் கணவர் அதைச் சட்டியோடு வாங்கி வந்து, நத்தார் முடிந்ததும் நிலத்தில் நட்டாராம். அது பூக்கும் மரம் என்பதே எனக்குத் தெரியாது. கணவர் இறந்த அடுத்த வசந்தத்தில் சிஞ்ஞோரா மகளிடம் போய் ஒரு மாதம் நின்றுவிட்டு வந்தார். வந்த அன்றைக்கே, பெட்டியைக்கூடத் திறக்காமல், மரத்துக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அங்கை இதே மாதிரி மரத்திலை மேல் கொப்பெல்லாம் ஊதாப் பூ. மெழுகுதிரி ஏத்தி வைச்ச மாதிரி நிமிர்ந்து நிக்குது. எங்கட மரம் ஏன் பூக்கேல்லை?"

இதழ் விரியும் பூ அல்ல, பிறகு கூம்பு போன்ற காயாகும் மொட்டைத்தான் அவர் பூ என்று சொன்னார். முப்பது வயது மரம் ஒரு தரமாவது வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

செடி விற்கிறவர் மரத்துக்குப் பசி என்றார். புல்லுக்குப் போடும் உரத்தை அள்ளிப் போட்டோம். வெளிறிய பச்சையில் தளிர் நீளநீளமாக வந்தது. ஆவணி வெயிலில் அதன் நுனியெல்லாம் கருகிப்போனது. பக்கத்து வீட்டு மனுசி கடல் உப்புத்தான் காரணம் என்றார். அதன்பிறகு தினமும் காலையில் குழாய் பிடித்து மரத்தைக் குளிப்பாட்டுவது என் வேலையானது. பத்து நாளில் அடிமண் சேறாகி ஒரு நாற்றம் வந்தது. கீழ்க்கொப்புகள் மஞ்சளித்தன. "இது நோயாளியை நாங்களே சாக்கொல்லுற மாதிரி இருக்கு" என்று சொல்லி நான் குழாயை மூடிவிட்டேன். சிஞ்ஞோரா கோபித்தார், ஆனால் திரும்பத் திறக்கச் சொல்லவில்லை.

அந்த ஒக்டோபரில், மலைக்காட்டில் வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை யாரோ அனுப்பி வைத்தார்கள். ஏணி கேட்டார். நான் பிடித்துக்கொள்ள, ஏறி உச்சிக் கொப்புகளுக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இந்த மரத்தின்ரை தலையை ஆரோ வெட்டியிருக்கினம். ஒருக்கா இல்லை, நாலைஞ்சு தரம். பெண் பூ வாறது உச்சிக் கொப்பிலைதான். உச்சியை வெட்டினால் எங்கை பூக்கிறது?"

"என்ரை மனுசன் வெட்டமாட்டார். காத்து முறிச்சிருக்கும்" என்றார் சிஞ்ஞோரா.

"காத்து வாளாலை வெட்டாது, சிஞ்ஞோரா."

நான் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் ஒருவரும் இல்லை.

வெட்டியது நாங்கள்தான். எங்கள் தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலில் நத்தாருக்குப் பாலன் குடில் கட்டுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், குடிலுக்கு இரண்டு கொப்பு எடுக்கலாமா என்று சிஞ்ஞோராவின் கணவரிடம் கேட்டேன். "விரும்பினதை எடுங்கோ. அவவுக்குச் சொல்ல வேண்டாம், அவ இலையை எண்ணிற மனுசி" என்று சிரித்தார். சிஞ்ஞோரா கடைத்தெருவுக்குப் போன ஒரு காலையில் என் கணவர் வந்து ஏறினார். கீழ்க்கொப்புகள் சப்பையாகக் கிடந்தன. உச்சியை வெட்டினால் அதுவே ஒரு சின்ன மரம் போல வடிவாக இருந்தது. ஐந்து மார்கழி அப்படி வெட்டினோம். சிஞ்ஞோராவின் கணவர் இறந்தபின் அவரிடம் போய்க் கேட்க மனம் வராமல், பிளாஸ்டிக் மரம் வாங்கினோம்.

ஞாயிறு பூசை முடிந்து வியா மக்வேதா தெருவில் நடந்து வரும்போது என் கணவரிடம் இதைச் சொன்னேன்.

"ஒண்டும் கதைக்காதை. செத்த மனுசன் வந்து சாட்சி சொல்லப்போறாரே? வேலை போனால் பெர்மெஸ்ஸோவுக்கு என்ன செய்வாய்?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெர்மெஸ்ஸோ என்ற இந்த நாட்டு விசாவைப் புதுப்பிக்க வேலைக் கடிதம் வேண்டும். ஆனால் சிஞ்ஞோரா அந்தக் கிழமை முழுவதும் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அவர்களுடைய வணக்கத்துக்குப் பதில் சொல்வதையும் நிறுத்திவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உடுப்பு அயர்ன் பண்ண முடியவில்லை.

திங்கட்கிழமை கோப்பி கொடுத்துவிட்டு நின்றபடியே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோப்பியைக் குடிக்கவில்லை.

"எனக்குச் சொல்ல வேண்டாம் எண்டு அவரே சொன்னவர்?"

"ஓம், சிஞ்ஞோரா."

"நாளைக்கு வர வேண்டாம்."

நான் உள்ளே வைத்திருந்த செருப்பையும் மேலங்கியையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். என் கணவர் பெர்மெஸ்ஸோவை எடுத்து அது முடியும் திகதியைப் பார்த்தார். அது ஏச்சைவிட மோசமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது.

"ஏன் வரேல்லை?"

"நீங்கள்தானே வர வேண்டாம் எண்டனீங்கள்."

"நாளைக்கு எண்டுதான் சொன்னனான். அந்த நாளை முடிஞ்சு மூண்டு நாளாச்சு. உம்மட மனுசனையும் கூட்டிக்கொண்டு வாரும். ஏறி வெட்டத் தெரிஞ்சவருக்கு ஏறிக் கட்டவும் தெரியும்தானே?"

வனக்காவலரும் வந்தார். உச்சி போன இடத்தில் மூன்று கிளைகள் தலையாவதற்குப் போட்டி போட்டு வளைந்து எழுந்திருந்தன. நேராக நின்ற ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றின் நுனியைக் குறைக்கச் சொன்னார். என் கணவர் ஏறி, அந்தக் கிளையை ஒரு மூங்கில் தடியோடு பழைய போர்வைக் கிழியலால் கட்டினார். கீழே நின்று சிஞ்ஞோரா "இறுக்காதையும், இறுக்காதையும்" என்று கத்திக்கொண்டே இருந்தார். அடியைச் சுற்றிப் புல்லை எடுத்துவிட்டு, உதிர்ந்த ஊசியிலைகளையே பரப்பினோம். உரம் கூடாது. கோடையில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, நிலம் ஆழ நனையும்படி மெதுவாகத் தண்ணீர், அவ்வளவுதான்.

"கோடையிலைதான் அடுத்த வருசத்து மொட்டு உருவாகும். அதாலை எதையும் உடனை பார்க்கேலாது. மலை மரம், இந்தச் சூட்டிலை உயிரோடை நிக்கிறதே பெரிசு. கை வைக்காமல் விட்டால் மூண்டு நாலு வருசத்திலை பார்க்கலாம். பூக்காமலும் விடலாம்" என்றார் காவலர்.

முதல் வசந்தத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கீழ்க்கொப்புகளின் அடிப்புறத்தில் சிவப்பு மணிகள் போல வந்தன. நான் காயப்போட்ட வெள்ளை விரிப்பெல்லாம் ஒருநாள் மஞ்சள் தூள். திரும்பத் தோய்க்க வேண்டுமே என்று எனக்கு எரிச்சல். சிஞ்ஞோரா விரிப்பைத் தோய்க்க விடாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆண் பூவின் மகரந்தம்.

மூன்றாவது வசந்தத்தில் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட ஏறியபோது உச்சியில் ஐந்து ஊதாப் பூக் கண்டேன். போனில் படம் எடுத்துச் சிஞ்ஞோராவுக்குக் காட்டினேன். தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார். முழங்கால் மடியாதவர். அந்தச் சனிக்கிழமை நானும் கணவருமாகத் தாங்கி, படி திரும்பும் இடத்தில் கதிரை வைத்து இருத்தி எழுப்பி, மேலே கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

வெகுநேரம் பார்த்தார். "மெழுகுதிரி எண்டு நான் சொன்னது பிழை. சின்னச் சோளப்பொத்தி மாதிரி இருக்கு" என்றார். பிறகு, மரத்தைப் பார்த்தபடியே கேட்டார்:

"அந்தக் குடிலை என்ரை மனுசனுக்கு ஒருநாளாவது காட்டினனீங்களோ?"

"ஒவ்வொரு வருசமும் வந்தவர், சிஞ்ஞோரா. கோயில்லை கடைசி வரிசை வாங்கிலை இருந்து பார்த்திட்டுப் போவார்."

"எனக்குச் சொல்லேல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்திருந்தவர் விடவும் இல்லை. இறங்குவதற்கு ஏறியதைவிடக் கூட நேரம் எடுத்தது.

இலையுதிர் காலத்தில் அந்தக் கூம்புகள் முழுதாக விழவில்லை. மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்தன. நான் கூட்டி அள்ளினேன். இந்த வருடம் ஒன்றும் வைக்கவில்லை. ஒருமுறை காய்த்தால் மரம் ஒன்றிரண்டு வருடம் ஓய்வெடுக்குமாம். காவலரிடம் போனில் கேட்டுக்கொண்டோம். மூங்கில் தடியைப் போன மாதம் கழற்றிவிட்டோம். கிளை நேராகவே நிற்கிறது.