ஹேமாவதி வீட்டு இரைச்சல்

சுருளிப்பட்டிக்கு மேற்கே தோட்டத்து வீட்டில் இருக்கும் ஹேமாவதிக்குப் பாட்டுக் கேட்பது பொழுதுபோக்கு இல்லை, பிடிவாதம். கல்யாணத்துக்கு முன்னால் தேனிப் பக்கம் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவள். மெஷின் ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. ஷிப்ட் முடிந்து விடுதியில் வந்து படுத்தாலும் காதுக்குள் மில் ஓடிக்கொண்டேயிருக்கும். அந்த வயதில் மற்றப் பெண்கள் கம்மலுக்கும் சேலைக்கும் ஆசைப்பட்டார்கள். இவள் ஆசையோ விசித்திரமானது. நடுவில் எந்தச் சத்தமும் கலக்காமல் ஒரே ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டுவிட வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மில் அவளிடம் எடுத்துக்கொண்டது போக ஒன்றைக் கொடுக்கவும் செய்தது. அத்தனை இரைச்சலிலும் எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று காதாலேயே பிடித்துவிடுவாள். அதை ஒரு திறமை என்று அவளும் நினைக்கவில்லை, மில்காரர்களும் நினைக்கவில்லை.

சுருளிராஜனைக் கட்டிக்கொண்டு வந்தபோது இந்தத் தோட்டம் முழுக்கத் திராட்சைக் கொடி. அவர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சொல்லிவிட்டால் இந்தக் கதையும் சுலபமாக முடிந்துபோகும். குடி கிடையாது, கை நீட்டும் பழக்கம் கிடையாது, பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றால் தானே கஞ்சி வைப்பார். மண்ணில் வைத்ததை ஒருத்தன் தொட்டால் மட்டும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். பருவம் தப்பிப் பெய்த மழையில் பழம் வெடித்து வெடித்து, கடைசியில் கொடியை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு வாழை வைத்தார். பந்தலுக்கு நட்டிருந்த கல்தூண்களையும் கம்பியையும் வீணாக்கவில்லை. தோட்டத்தைச் சுற்றி ஓரத்தில் நட்டு வேலியாக்கிவிட்டார்.

கோயம்புத்தூரில் வேலை கிடைத்த மகன் முதல் காரியமாக அம்மாவுக்குப் பாட்டு செட் வாங்கிக்கொடுத்தான். தேனி பஜாரில் ஜஸ்டின் என்பவர் கடையில் சொல்லிச் செய்த ஆம்ப்ளிஃபையரும், இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும். டிவிக்கு இரண்டு பக்கமும் பெட்டியை நிறுத்தி, நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் ஹேமாவதி. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு நொடி அமைதி இருந்தது பாருங்கள், அதற்கே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சுருளிராஜன் கேலி பண்ணவில்லை. காற்றாடியை நிறுத்திவிட்டுப் போனார்.

வாழை இடுப்புயரம் வந்த சமயத்தில் இரைச்சல் தொடங்கியது. பகலெல்லாம் ஒன்றும் இருக்காது. விளக்கு வைக்கும் நேரத்தில் ஸ்ஸ்ஸென்று கிளம்பும். அடியில் லேசான உறுமல் ஒன்றும் கூடவே இருக்கும். பாட்டை நிறுத்தினாலும் இரைச்சல் நிற்காது. சத்தத்தை அடியோடு குறைத்தாலும் போகாது. அவளுக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. இதற்காகவா இத்தனை வருஷம் காத்திருந்தது?

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிச் சுரண்டி இறுக்கி மாட்டினாள். இடது பெட்டியை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினாள். பிரிட்ஜை அணைத்தாள், டியூப் லைட்டை அணைத்தாள், இன்டர்நெட் பெட்டியைப் பிடுங்கிப் போட்டாள். இரைச்சல் அசையவில்லை. கடைசியில் ஆம்ப்ளிஃபையரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தேனி பஸ் ஏறினாள். ஜஸ்டின் கடையில் மாட்டினால், ஒரு சின்ன முனகல்கூட இல்லை.

கோளாறு செட்டில் இல்லை, வீட்டு எர்த்தில் என்றார் ஜஸ்டின். எர்த் குழி காய்ந்திருக்கும், தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். பிளக்கில் எர்த்தோடு சேரும் மூன்றாவது பின்னை, அந்தத் தடித்த பின்னை, ஒடித்துவிட்டால் இரைச்சல் உடனே நின்றுவிடும். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் தான் செய்வதில்லை என்றார்.

"அது உயிர்க்காவல்க்கா. சத்தத்துக்குப் பயந்து அத ஒடிக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்து ஜஸ்டின் சொன்னதையெல்லாம் புருஷனிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே எர்த் குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். பொழுது சாய்ந்ததும் இரைச்சல் குறையும் என்று பார்த்தால், முன்னைவிடத் தடித்து வந்தது. வீட்டு மெயினையே இறக்கிவிட்டு, இன்வெர்ட்டரில் செட்டை ஓடவிட்டுப் பார்த்தாள். அப்போதும் இருந்தது. வீட்டுக்குள் வருகிற கரண்டை எல்லாம் நிறுத்தியாயிற்று, இரைச்சல் மட்டும் வருகிறது. அப்படியானால் அது கரண்ட் கம்பத்திலிருந்து வரவில்லை, மண்ணுக்குள்ளிருந்து வருகிறது. இருட்டில் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே நிற்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

இன்னொன்றும் அவள் கவனத்தில் பட்டது. பட்டிருக்க வேண்டாம் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள். சுருளிராஜன் மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டு வந்து கால் கழுவுகிற நேரமும், இரைச்சல் கிளம்புகிற நேரமும் ஒன்றாகவே இருந்தன.

அந்த வாரத்தில் ஒரு நாள் அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு பெட்டியிலும் ஒரே நேரத்தில் டப்பென்று ஒரு சத்தம். இரைச்சல் அறுந்தது, திணறியது, மறுபடி பழையபடி ஓடியது. மறுநாள் காலையில் பக்கத்துத் தோட்டத்துப் பாண்டியம்மாள் அழுதுகொண்டு வந்தாள். ஆடு வளர்க்கிறவள். தினமும் பொழுது சாயும்வரை இவர்கள் வரப்பு ஓரத்தில்தான் ஆட்டுக்குப் புல் அறுப்பாள். அவளுடைய செவலை நாய் அந்த வரப்பிலேயே விறைத்துக் கிடக்கிறதாம். பாம்பு, பூச்சி ஏதாவது கடித்திருக்கும் என்றார் சுருளிராஜன். சொன்னதோடு நிற்காமல் மண்வெட்டியை எடுத்துப் போய்த் தானே குழி தோண்டிப் புதைத்துவிட்டும் வந்தார். அடுத்தவர் வீட்டு நாய்க்கு அவர் குழி தோண்டியதை அவள் அதுவரை கண்டதில்லை. அந்த அவசரம்தான் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

உச்சி வெயிலில் போய்ப் பார்த்தாள். மோட்டார் ரூமுக்கு வீட்டு மெயினோடு சேராத தனிக் கரண்ட். அதன் சுவரிலிருந்து ஒரு வயர், பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒளிந்தபடி முதல் கல்தூண் வரைக்கும் போயிருந்தது. அங்கிருந்து பழைய பந்தல் கம்பி, முழங்கால் உயரத்தில், தோட்டத்தைச் சுற்றி. கம்பியைத் தொட்டு வளர்ந்திருந்த புல்லின் நுனியெல்லாம் கருகியிருந்தது. ஈரப் புல் வழியாக மண்ணுக்குள் இறங்கும் கரண்ட்தான் எர்த் குழி வழியாக ஏறி, அவள் பாட்டுக்குள் வந்து இரைந்துகொண்டிருந்தது.

கேட்டதும் சுருளிராஜன் மறைக்கவில்லை. காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் வரிசை வரிசையாக வாழைக் கிழங்கைக் கிண்டிப் போட்டதை நீயும்தானே பார்த்தாய் என்று கேட்டார். மலையடிவாரத்தில் எத்தனை பேர் கள்ளத்தனமாக இதைச் செய்கிறார்கள் தெரியுமா என்றார். பாண்டியம்மாளிடம் வரப்பில் மருந்து அடித்திருக்கிறது, பொழுது சாய்ந்து வராதே என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். இனிமேல் ஒன்பது மணிக்கு மேல்தான் போடுவது, விடிவதற்குள் எடுத்துவிடுவது, காய் வெட்டியதும் கழற்றி எறிந்துவிடுவது என்று சத்தியம் பண்ணினார்.

ஹேமாவதி சம்மதித்தாள். இதில் மழுப்ப ஒன்றுமில்லை. கிண்டிப்போட்ட வாழைக்கு நடுவே உட்கார்ந்து அவளும்தான் அழுதிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பாட்டுப் போடுவதில்லை. பொழுது இறங்கியதும் செட்டை மட்டும் போட்டுவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்து, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வாள். ஒன்பது மணி வரைக்கும் அமைதியாக இருந்தால் மூச்சு ஒழுங்காக வரும். ஒரு காலத்தில் எதற்காக ஏங்கினாளோ அந்த அமைதியை இப்போது காவல்காரிபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரைச்சல் கிளம்பியதும் கடிகாரத்தைப் பார்ப்பாள், ஜன்னல் வழியாகப் பாண்டியம்மாள் வீட்டு விளக்கைப் பார்ப்பாள். வீட்டில் ஆள் நடமாட்டம் தெரிந்தால்தான் படுக்கப் போவாள். சுருளிராஜன் அவளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். பாட்டே இல்லாத பெட்டிக்கு முன்னால் என்ன தவம் கிடக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

வாழை குலை தள்ளியதும் பன்றிகள் முன்னதாகவே இறங்க ஆரம்பித்தன. ஒரு நாள் வெளிச்சம் முழுசாகப் போகுமுன்பே ஸ்ஸ்ஸென்று வந்துவிட்டது. பாண்டியம்மாள் இன்னும் புல்லுக்கட்டோடு பாதையில் தென்படவில்லை. மருந்து அடித்த பயமெல்லாம் அவளுக்கு ஒரு வாரத்தோடு தீர்ந்துவிட்டிருந்தது. ஹேமாவதி ஓடிப்போய்க் கத்தினாள். சுருளிராஜன் கரண்டை அணைத்துவிட்டார். அணைத்துவிட்டு, வீட்டுக்குள் இருந்தவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள். செட் காட்டிக்கொடுக்கிறது என்று சொன்னாள். மனுஷி அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் அவள் கம்பம் பஜாருக்குச் சாமான் வாங்கப் போய்த் திரும்பியபோது சுருளிராஜன் செட்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். கையில் கட்டிங் பிளேயர். முகத்தில் நல்ல சந்தோஷம்.

"ஒன் செட்டு சரியாயிருச்சு. இனிமே ஒரு சத்தம் வராது, பாரு."

அவரே ஒரு பாட்டைப் போட்டார். அப்படி ஒரு சுத்தத்தை அவள் ஆயுசில் கேட்டதில்லை. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பாட்டு முடிந்தது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. டிவி மேசை மேல், ஒடிந்த பித்தளைப் பின் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தாள். ஜஸ்டின் ஒடிக்கக் கூடாது என்ற அதே தடித்த பின்.

அன்று பொழுது சாய்ந்தது. சுருளிராஜன் மோட்டார் ரூமிலிருந்து வந்து கால் கழுவினார், காபி கேட்டார், வழக்கமில்லாத வழக்கமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். ஜன்னலில் பார்த்தாள். பாண்டியம்மாள் வீட்டில் இன்னும் விளக்குப் போடவில்லை. பெட்டிகள் இரண்டும் எந்தக் கள்ளமும் இல்லாததுபோலப் பாடிக்கொண்டிருந்தன.

மில்லில் அத்தனை இரைச்சலுக்குள்ளும் கோளாறைப் பிடித்தவள், இந்த அமைதிக்குள் எதையும் பிடிக்க முடியாமல் தவித்தாள். மின்வாரியத்துக்குப் போன் செய்யலாம் என்று செல்லைக் கையில் எடுத்தாள். புருஷனைப் போலீசில் கொண்டுபோய் நிறுத்துகிற காரியம் என்று நினைத்ததும் விரல் ஓடவில்லை. செல்லைக் கீழே வைத்தாள்.

"இப்பப் போட்டிருக்கீகளா?" என்று கேட்டாள்.

"ஒம்போது மணிக்குத்தான்னு சொன்னேன்ல. நீ பாட்டக் கேளு."

அவர் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த முகம். அதில் ஒன்றும் தெரியவில்லை. பாட்டை நிறுத்தினாள், எழுந்தாள், சேலையை இழுத்துச் செருகினாள்.

"அப்பச் சரி. நான் போயி அந்தக் கம்பியக் கையில பிடிச்சுப் பாத்துட்டு வாரேன். நீங்க சொல்றது நெசம்னா ஒண்ணும் ஆகாதுல்ல."

அவர் சிரித்தார். கிறுக்குப் பிடித்திருக்கிறதா என்றார். அவள் வாசல் இறங்கி, வாழைக்கு நடுவே இருந்த வாய்க்கால் தடத்தில் நடந்தாள். ஓடவில்லை. யோசிக்க அவருக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று நிதானமாகவே நடந்தாள்.

வரப்புக்கு அந்தப் பக்கம், மங்கலில், தலையில் புல்லுக்கட்டோடு ஓர் உருவம் குறுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

"யாரு, மதினியா? இந்த நேரத்துல இங்கன என்ன பண்றீக?"

"பாண்டியம்மா, அங்கனயே நில்லு. ஒரு எட்டு வைக்காத."

அந்தக் குரலைக் கேட்டுப் பாண்டியம்மாள் நின்றுவிட்டாள். கம்பி அவளுக்கும் ஹேமாவதிக்கும் நடுவே, இருட்டோடு இருட்டாகக் கண்ணில் படாமல் கிடந்தது. ஹேமாவதி கல்தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வீட்டைப் பார்த்துத் திரும்பி, வாசல் விளக்கில் தெரியும்படி கையைத் தூக்கிக் காட்டினாள். அப்புறம் மெதுவாகக் குனிந்தாள்.

அவர் சொன்னது உண்மையாக இருந்தால் திட்டிக்கொண்டே சாவகாசமாக நடந்து வருவார். வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். அப்படியே நடக்கட்டும் என்று அவள் மனசார வேண்டிக்கொண்டாள்.

திட்டுச் சத்தம் எதுவும் வரவில்லை. வாசலிலிருந்து காலடிகள் தடதடவென்று கிளம்பின. அவை அவளை நோக்கி வரவில்லை, மோட்டார் ரூமை நோக்கி ஓடின.