பஞ்சு அடைத்த படகு

காய்ச்சிய தாரின் வாடை வந்தால் மற்றவர்களுக்கு எங்கோ ரோடு போடுகிறார்கள் என்று தோன்றும். எனக்கோ நாக்கில் சுர்முரிப் பொரியின் எலுமிச்சைப் புளிப்பும், முதுகில் ஈரப் பலகையின் சில்லிப்பும் வந்துவிடும். ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், அல்சூர் ஏரியில் நாங்கள் மூன்று பேர் ஒரு படகு வைத்திருந்தோம். சொந்தப் படகுதான், நம்பாதவர்கள் ரோஸியைக் கேட்டுக்கொள்ளலாம்.

ரோஸியின் அப்பா ஏரியில் ஆகாயத்தாமரை வாரும் ஆட்களுக்கு மேஸ்திரி. அவர்களுக்கு இரும்புப் படகு வந்த பிறகு, கரையில் கவிழ்ந்து கிடந்த பழைய மரப்படகை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். தூங்குமூஞ்சி மரத்தில் கட்டிய கயிறு எட்டுகிற தூரத்தைத் தாண்டக் கூடாது, அதுவரைக்கும் தண்ணீர் எங்கள் இடுப்பளவுதான். "கயித்த அவுத்தீங்கன்னா அன்னியோட படகு அடுப்புக்குப் போயிடும்" என்று ஒரே தடவை சொன்னார். அவர் இரண்டாம் தடவை சொல்லும் பழக்கம் இல்லாதவர்.

மூன்றாவது ஆள் முபீனா. ஜோகுபாளையத்தில் எங்கள் தெருமுனையில் அவள் அப்பா மெத்தைக் கடை வைத்திருந்தார். படகின் பலகைகளுக்கு நடுவே பென்சில் முனை நுழைகிற அளவுக்கு இடுக்குகள் இருந்தன. முபீனா கடையில் மிஞ்சிய பஞ்சைக் கொண்டுவந்து, திரியாகத் திரித்து, தாரில் தோய்த்து, மழுங்கின ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு இடுக்காகக் குத்தி அடைத்தாள். நான்கு நாள் ஆனது. அவசரப்படுத்தினால் "நக்கோ, வேணாம், சும்னே இரு" என்பாள், தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள்.

என் பங்கு மேற்பார்வை. எங்கள் வீட்டில் வடகம், வற்றல், ஊறுகாய் மாங்காய் எதுவானாலும் வெயில் காட்டாமல் எடுத்து வைக்க மாட்டார்கள். "நல்லா காஞ்சாத்தான் கெடாது" என்று அம்மா நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்த மகா அறிவை வைத்துக்கொண்டு, பெயின்ட் அடிக்கும் முன் படகு பத்து நாள் வெயிலில் கிடந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன். பிடித்த பிடியை விடுகிற ஆளா நான்? ஏப்ரல் வெயிலில் படகு வடகத்தை விட நன்றாகக் காய்ந்தது. பிறகு நீலப் பெயின்ட் அடித்தோம்.

தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்து சுர்முரிப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் நாலா பக்கமும் தண்ணீர் கசிந்து, படகு எங்களோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டது. கரையில் நின்ற பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று, கூடவே புத்தியும் போயிற்று. "மெத்தைக்குப் பஞ்சு அடைக்கிறவ படகுக்கு அடைச்சா இப்படித்தான்டீ ஆகும்" என்றேன். முபீனா பாவாடையைப் பிழிந்துகொண்டு போய்விட்டாள்.

ஒன்பது நாள் அவள் வரவில்லை. அந்த ஒன்பது நாளும் படகு மூழ்கியேதான் கிடந்தது. பத்தாம் நாள், வழியை அடைக்கிறது, எடுத்துத் தொலையுங்கள் என்று மேஸ்திரி சொன்னதால் நானும் ரோஸியும் கயிற்றைப் பிடித்துப் படகைக் கரையோரம் இழுத்து, பெயின்ட் டப்பாவால் தண்ணீரை இறைத்துக் கொட்டினோம். படகு மிதந்தது. எவ்வளவு நேரம் பார்த்தும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மேஸ்திரி பலகையைத் தடவிப் பார்த்தார். "காஞ்ச மரம் சுருங்கிப் போச்சு, இப்போ தண்ணி குடிச்சு ஊறி மூடிக்கிச்சு. வெயில்ல போட்டது யாரு? அடைச்சதுல ஒரு குத்தமும் இல்ல" என்றார். ரோஸி என்னைப் பார்த்தாள். நான் ஏரியைப் பார்த்தேன்.

அன்றே மெத்தைக் கடைக்குப் போய், "படகு மிதக்குது, வா" என்றேன். "எப்படி மிதக்குது?" என்று கேட்டாள் முபீனா. உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். "தெரியலடீ, அதுவா மிதக்குது" என்றேன்.

அவள் வந்தாள். மே மாதம் முழுக்க மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படகுதான் எங்கள் வீடு. ரோஸி காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு ஊர்க்கதை பேசுவாள். நான் மல்லாந்து படுத்து, கிளைகளுக்கு நடுவே மேகம் போவதைப் பார்த்துக்கொண்டு, மாங்காய்த் துண்டை உப்பு மிளகாய்த்தூளில் தோய்த்துத் தின்பேன். அத்தனை சுகம் பிறகு எந்தச் சம்பளத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. முபீனா மட்டும் சாய மாட்டாள். இறைக்கிற டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பேச்சுக்கு நடுவே குனிந்து குனிந்து இடுக்குகளை விரலால் தொட்டுப் பார்ப்பாள். தான் அடைத்தது சரியில்லை, எந்த நேரமும் தண்ணீர் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்று ரோஸி என் காதைக் கடிப்பாள். நாளைக்கு, நாளைக்கு என்று நான் ஒரு மாதத்தைக் கடத்தினேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் சொன்னேன். "நீ அடைச்சது சரிதான் முபீ. நான் காய வச்சதுதான் தப்பு. மேஸ்திரி அப்பவே சொன்னார்." அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் டப்பாவை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, காலை நீட்டிப் படுத்து, தூங்கியே போனாள். அரை மணிகூட ஆகியிருக்காது, மழை பிடித்துக்கொண்டது. எழுப்பிக் கரைக்கு இழுத்துக்கொண்டு ஓடினோம்.

அந்த மழைக்காலத்திலேயே முபீனாவின் குடும்பம் ஈஜிபுரா பக்கம் குடிபோனது. படகை அடுத்த வருஷம் யாரோ உடைத்து எடுத்துப் போனார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் கம்பிவேலி. வேலிக்கு உள்ளே நடைபாதை. தூங்குமூஞ்சி மரமும் இல்லை. சென்ற மாதம் எங்கிருந்தோ என் நம்பரைப் பிடித்து முபீனா பேசினாள். பிள்ளைகள், முட்டிவலி, வாடகை எல்லாம் பேசி முடித்து, வைக்கும் முன் கேட்டாள்: "அந்தப் படகுல நான் ஒருநாள் சாயங்காலம் வரைக்கும் தூங்கினேன் இல்ல? இப்போ ராத்திரியில தூக்கம் வரலன்னா அதத்தான் நெனச்சுக்குவேன்."

"ஆமா முபீ," என்றேன், "சாயங்காலம் வரைக்கும் தூங்கின. நாங்க எழுப்பவே இல்ல."