ஊரைக் கூப்பிடுகிறவன்

மைக் செட் தொழிலில் காது சீக்கிரம் போய்விடும். நிம்மதி போகத்தான் கொஞ்சம் வருஷமாகும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நின்று பிழைக்கிறவர் நீங்களும் என்றால், இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

குழாய் பார்க்கும் திசை

துடியலூருக்கு வடக்கே, கோயம்புத்தூர் நகரம் வந்து விழுங்கிவிட்ட பழைய ஊர் எங்களுடையது. சோளக்காடாக இருந்த கிழக்குப் பக்கம் முழுக்க இப்போது அடுக்குமாடி வீடுகள். மாரியம்மன் திருவிழாவான நோம்பிக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால், முதல் பாட்டு முடிவதற்குள் அங்கிருந்து போலீசுக்குப் போன் போய்விடும். போன வருஷம் என்னை ஸ்டேஷனுக்கே கூப்பிட்டு எச்சரித்தார்கள். பயந்துபோய் எல்லாக் குழாய்களையும் மேற்கே, பழைய ஊரைப் பார்த்துத் திருப்பிக் கட்டினேன்.

கோயில் தலைவர் சின்னச்சாமி அண்ணன் வந்து அண்ணாந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் கேட்டார்: "ஏப்பா, அம்மன் கெழக்கப் பார்த்துத்தானே உக்காந்திருக்குது? நீ மட்டும் எதுக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டே?"

யாருக்குக் கட்டுப்பாடு

இந்த வருஷம் நோம்பி சாட்டி, நாளை ஊருக்கு அறிவித்ததும் வழக்கம்போல மைக்கில் சொன்னேன்: நோம்பி முடிகிற வரை ஊர்க்காரர்கள் யாரும் ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. மறுநாள் காலை அடுக்குமாடிச் சங்கத்தின் தலைவி நிர்மலா போன் செய்தார். மதுரைக்காரர். சத்தத்தைப் பற்றித்தான் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ வேறு. மதுரையில் தங்கை மகளுக்குக் கல்யாணம், போய்த் தங்கலாமா?

சின்னச்சாமி அண்ணனிடம் ஓடினேன். "கோயில் வரி குடுக்கற குடும்பத்துக்குத்தானப்பா கட்டுப்பாடு. அவிங்க எங்க வேணா போய்ப் படுத்துக்கட்டும்" என்றார். பழைய குடும்பங்களிடம் மட்டும்தான் வரி வாங்குவார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் அப்பா சத்தியமங்கலத்திலிருந்து பிழைக்க வந்தவர். நான் பிறந்தது இங்கேதான், ஆனால் எங்கள் வீட்டில் இதுவரை யாரும் வரி கேட்டதில்லை. நோம்பிக்கு நோம்பி ஊரை விட்டு நகராமல் இருந்திருக்கிறேனே, யார் சொல்லி இருந்தேன்?

கட்டுப்பாடு வரி கொடுக்கிற குடும்பங்களுக்குத்தான், நீங்கள் தாராளமாகத் தங்கலாம் என்று நிர்மலாவிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். அவர் கேட்டார்: "மதுரைக்குப் போனா என்னைக் கோயம்புத்தூர்க்காரிங்கிறாங்க. இங்க நீங்க இப்படிச் சொல்றீங்க. அப்ப நான் எந்த ஊருண்ணே?"

அணையாத மைக்

நோம்பியை ஒட்டியே கவுன்சிலர் தேர்தலும் வந்தது. சின்னச்சாமி அண்ணனின் மகன் குமரேசன் நின்றார். எதிர்த்து நிர்மலா. இருவருக்கும் மைக் என்னுடையதுதான். வண்டி அடுக்குமாடிப் பக்கம் போனால் குமரேசன் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். பழைய ஊருக்குள் நுழைந்ததும் ஏற்றச் சொல்வார். "நான் இந்த மண்ணுல பொறந்தவனுங்க" என்பது மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது. அவர் குடும்பத்தோடு குடியிருப்பது நகரத்துக்குள்ளே, பெரிய பங்களாவில்.

பழைய ஊர்த் தண்ணீர்க் குழாயடியில் நின்ற மாராத்தாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வண்டிக்கு அருகில் வந்தார். "பொறந்தது சரி கண்ணு. சாட்டுனதுக்கப்பறம் ராத்திரி எங்க போய்ப் படுத்துக்கற? அந்த மதுரைக்கார அம்மணி கல்யாணத்துக்குப் போயிட்டு அன்னைக்கே திரும்பி வந்துபோட்டா, தெரியுமா?" குமரேசன் கையிலிருந்த மைக் அணையவில்லை. கேள்வியும் சுற்றி நின்றவர்களின் சிரிப்பும் தெருத்தெருவாகப் போயின.

அணைக்கும் பொத்தான் என் விரலுக்கடியில்தான் இருந்தது. பதற்றத்தில் கை ஓடவில்லையா, அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கேட்க எனக்கும் ஆசையா? இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். குமரேசன் இறங்கி வந்து என் காதருகே சொன்னார்: "நோம்பிக்கு வேற செட் பார்க்கச் சொல்றனுங்க அப்பாகிட்ட. நீங்க எந்தப் பக்கம்னு நல்லாத் தெரிஞ்சுபோச்சுங்க."

ரசீது

குமரேசன்தான் ஜெயித்தார். ஓட்டு நாளன்று அடுக்குமாடியில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. பலருக்கு ஓட்டு இன்னும் சொந்த ஊரிலேயே இருந்தது. மற்றவர்கள் லீவு கிடைத்தது என்று கிளம்பிவிட்டார்கள். நிர்மலா அசரவில்லை. அடுக்குமாடி முழுக்க வசூலித்து, நோம்பி முடிவதற்குள் கோயில் வரி என்று கோயிலுக்கே கொண்டு வந்து கொடுத்தார். சின்னச்சாமி அண்ணன் மரியாதையாக உட்காரவைத்து, காபி வரவழைத்துக் கொடுத்தார். ரசீதில் மட்டும் 'நன்கொடை' என்று எழுதச் சொன்னார். வரி என்று எழுதினால் கோயில் கூட்டத்தில் பேசும் உரிமையும் சேர்ந்து வந்துவிடும். நிர்மலா ரசீதைப் படித்துப் பார்த்து, மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார்.

என் குழாய்களைக் கழற்றச் சொல்லப்போகிறார்கள் என்று நான் ஏணியோடு ஓரமாக நின்றிருந்தேன். யாரும் சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில் வாயைத் திறந்தேன்: "அண்ணா, எங்க ஊட்டுக்கும் வரி போட்டுருங்க." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னச்சாமி அண்ணன் என் தோளில் கை போட்டுச் சிரித்தார். "உனக்கெதுக்கு கண்ணு வரியெல்லாம்? நீ நம்ம மைக் செட்டுக்காரன்தானே. போ, போய் அம்மன் பாட்டப் போடு."

பாட்டைப் போட்டுவிட்டு எப்போதும்போல "ஊர்ப் பொதுமக்களே" என்று கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிடுகிறவன் ஊருக்கு உள்ளே நிற்கிறானா வெளியே நிற்கிறானா என்பதை மட்டும் இந்தத் தொழிலில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.