கேபின் படிக்கட்டில் கட்டிய கோணி

"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? போட்டோல விழறீங்க."

போன ஞாயிற்றுக்கிழமை, அண்ணனூர்ப் பக்கம் தண்டவாளத்தோரம் பாழடைந்து நிற்கும் பழைய சிக்னல் கேபின் முன்னால் ஒரு பையன் கேட்டான். எங்கள் அடுக்ககத்தில் குடியிருக்கும் ஐ.டி. பிள்ளை. பாட்டி என்று கூப்பிடாத புண்ணியவான். கேபினை இடிக்கப்போகிறார்களாம், அதற்குள் படமெடுக்க வந்திருந்தான். கேபின் படியில் நின்றிருந்த நான் நகரவில்லை. அந்தப் படியிலிருந்து என்னை நகர்த்தப் பார்த்தவர்கள் இவனைவிடப் பெரிய ஆட்கள்.

கைப்பிடியைப் பிடித்ததும் துரு வாசனை உள்ளங்கையில் ஏறியது. நான் இங்கே வேலை பார்த்தபோது, சிக்னலை இயக்கும் லீவரை வெறுங்கையால் தொடக்கூடாது. வியர்வை பட்டால் துருப்பிடிக்கும் என்று துணியைச் சுற்றித்தான் இழுப்போம். கீழே கனத்த செங்கல் சுவர், மேலே மூன்று பக்கமும் கண்ணாடி, நடுவில் வரிசையாக லீவர்கள். கட்டிய வெள்ளைக்காரன் வெயில், மழை, ரயில் எல்லாவற்றையும் யோசித்திருந்தான். புடவை கட்டிய ஒருத்தி ஏறுவாள் என்று மட்டும் யோசிக்கவில்லை. வெளிப்பக்கமாக இரும்புப் படி, படிக்குப் படி சந்து. நான் ஏறினால் கீழே டீ குடிப்பவர்கள் எல்லாருக்கும் திடீரென்று வானத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கணவர் இறந்து எனக்கு வந்த வேலை அது. அவர் இழுத்த அதே லீவர்கள். தொலைவிலிருக்கும் கைகாட்டி சிக்னலின் லீவர்தான் எமன். முதல் நாள் நான் அதில் தொங்கினேன், அது அசையவில்லை. பிறகு காலை ஊன்றி, உடம்பை மொத்தமாகப் பின்னால் சாய்க்கப் பழகினேன். எடை விஷயத்தில் கடவுள் எனக்குக் குறை வைத்ததில்லை.

வெங்காயக் கடையில் கோணி வாங்கி, படிச் சந்தெல்லாம் மறைய, கம்பி முறுக்கிக் கட்டினேன். மேலதிகாரி வந்தார்.

"இன்னாம்மா இது, கேபினா வெங்காய மண்டியா? லீவரு ஆம்பள சமாச்சாரம். பேசாம ஆபீஸ்ல தண்ணி புடிச்சி வெச்சிகினு இரு."

"எங்க ஊட்டுக்காரரு லீவர இழுக்க வந்தேன் சார். தண்ணி தூக்க வர்ல."

கோணியை அறுக்கச் சொன்னார். மறுநாள் காலை கட்டினேன். மறுபடி அறுத்தார்கள், மறுபடி கட்டினேன். பயமில்லை என்று சொல்ல மாட்டேன்.

கடைசியில் ஒரு கோடை மதியம், வண்டி வரும் நேரத்தில், அவரே மேலே வந்து நின்றார்.

"இழு பாக்கலாம். கைகாட்டி இறங்கலன்னா நாளைக்கே ஆபீஸு."

வெயிலில் லீவரிலிருந்து கைகாட்டிக்குப் போகும் கம்பி தளர்ந்துபோயிருக்கும், வழக்கத்தைவிட அதிகம் இழுக்க வேண்டும். துணியைச் சுற்றினேன், காலை ஊன்றினேன், சாய்ந்தேன். தோள் கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். தூரத்தில் கைகாட்டி இறங்கியது. அவர் கோணியை உரசிக்கொண்டே படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு யாரும் அதை அறுக்கவில்லை.

"படிக்கட்டு செம அழகு, ஆன்ட்டி" என்றான் பையன்.

"அழகா? பொடவ கட்டிகினு ஏறிப் பாரு நைனா."

கைகாட்டி போய்விட்டது. லீவர்கள் பழைய இரும்புக்குப் போயின. அந்த அதிகாரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். கோணி எப்போதோ மக்கி உதிர்ந்திருந்தது. படிகளின் ஓரத்தில் நான் முறுக்கிய கம்பி முடிச்சுகள் மட்டும் துருவேறி இருந்தன. பையன் ஒன்றை நகத்தால் பிரிக்கப் பார்த்தான்.

"வுடு, அது வராது" என்றேன்.